துரை சொன்ன ‘ஃபாஸ்ட்’

சுருக்கெழுத்தில் ‘ஃபாஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத ஒரு வளைவும் அதன் நுனியில் ஒரு சின்னக் கண்ணியும் போதும். பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை. விரைவு என்ற பொருளில் வந்தாலும் அதே குறிதான். இறுக்கிக் கட்டுவது என்றாலும், உண்ணாநோன்பு என்றாலும் அதே குறிதான். காதில் விழுந்த ஓசையை எழுதுவதே உங்கள் வேலை, பொருளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று கன்னியர் மடத்து வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது ஒரு முற்பகலில் அந்தக் குறியை என் குறிப்புப் புத்தகத்தில் அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டேன். பிறகு திருத்தித் தட்டச்சு செய்கையில் அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதற்கு முன்னால் வேறொரு சொல்லைச் சேர்த்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதனால் கொட்டாஞ்சேனையில் ஒரு மனிதர் மூன்று கிழமையாகத் தன் காதையே நம்ப முடியாமல் அலைந்தார்.

வெள்ளைக்காரர் ஆண்ட கடைசிக் காலம் அது. போர் இன்னும் தொடங்கவில்லை. புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்த, புரொக்டர் என்று அப்போது சொன்ன ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் சுருக்கெழுத்துத் தட்டச்சாளராக நான் வேலை பார்த்தேன். புரொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் வீடு. காலையில் ரயிலில் கோட்டை நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ரிக்‌ஷாவில் கந்தோருக்கு வருவார். பெண்பிள்ளைகளைக் கந்தோரில் இருத்துவது அப்போது அவ்வளவு வழக்கமில்லை. என் அப்பா கண் பார்வை மங்கி அச்சகத்து வேலையை விட்ட பிறகு நான் ஏறி இறங்கிய எல்லாப் படிகளிலும் ‘ஆம்பிளைப் பிள்ளைகள் போதும்’ என்று திருப்பி அனுப்பினார்கள். இவர்தான் ஒரு பக்கத்தைச் சொல்லி எழுதவைத்துப் பார்த்துவிட்டு, “நாளைக்கே வாரும் பிள்ளை” என்றார். அதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த நன்றியும் ஒரு காரணம்.

எங்கள் புரொக்டர் ஒரு கப்பல் கம்பெனியின் வழக்குகளைக் கவனித்துவந்தார். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் துறைமுகத்தின் நடுவிலே நிற்கும். சரக்கைப் பார்ஜ் என்ற தட்டைப் படகுகளில் இறக்கித்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒரு பங்குனி மாதத்துப் பிற்பகலில் அப்படி அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. கப்பலின் தளத்தில் நின்ற ஒரு வெள்ளைத் துரை கீழே பார்த்து ஏதோ கத்தினார். பார்ஜில் நின்ற கூலியாட்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டலி கிளாக்கர் அவர்களோடு நின்றார். துரை சொல்வதைத் தமிழில் சொல்வதும் அவருடைய வேலைதான். அவர், “கெதியாச் செய்யட்டாம், மழை வருது” என்று விரையச் சொன்னார். பார்ஜின் முன்பக்கக் கயிறு மட்டும் கட்டியிருந்தது. பின்பக்கக் கயிற்றைக் கட்டப்போன ஆள் அதை அப்படியே போட்டுவிட்டு மூட்டையைப் பிடிக்க ஓடினார். மழைக்கு முன்னால் காற்று வந்தது. பார்ஜின் பின்பக்கம் கப்பலை விட்டு விலகிப் போய், திரும்பி வந்து மோதியது. ஓடியவரின் இடது கால் இடையில் அகப்பட்டுக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மட்டக்குளியில் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் இருந்த மனிதர் அவர்.

கப்பல் புறப்பட முன் அந்தத் துரையைக் கம்பெனிக்காரர் எங்கள் கந்தோருக்கு அழைத்து வந்தார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெயிலில் சிவந்த கழுத்து. அவர் பொய்க்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததை அவசர அவசரமாகச் சொன்னார். நான் எழுதினேன். அவர் எழுந்து போய் ஜன்னலோரத்தில் புகைத்துக்கொண்டிருக்க, தட்டச்சு செய்த தாளைப் புரொக்டரிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பென்சிலோடு வாசித்து வந்து ஒரு வரியில் நின்றார்.

“இதென்ன பிள்ளை, ‘ஃபாஸ்ட், ஃபாஸ்ட் எண்டு சொன்னன்’ எண்டு அடிச்சிருக்கிறீர்? கப்பல்காரர் கயிறு கட்டச் சொல்லேக்கை ‘மேக் ஃபாஸ்ட்’ எண்டுதான் சொல்லுவினம். ‘மேக் ஃபாஸ்ட் எண்டு சொன்னன்’ எண்டு திருத்தி அடியும்.”

எனக்கு அப்போது கப்பல் பாஷை ஒன்றும் தெரியாது. அவர் என் இலக்கணத்தைத் திருத்துகிறார் என்றுதான் நினைத்தேன். திருத்தி அடித்தேன், அடுத்த வேலையில் அதை மறந்தும் போனேன். துரை வந்து, சரியாக வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அன்று மாலையே கப்பல் புறப்பட்டுவிட்டது.

அடுத்த கிழமை டலி கிளாக்கர் வந்தார். அவரை எனக்கு முகம் தெரியும். எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் வருவார். ஞாயிறு பூசையில் வலப்பக்கத் தூணோரமாக, மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் வரிசையாக இருக்க, கடைசியில் நிற்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளை டிரில் கோட்டு. கழுத்துப் பட்டி தேய்ந்து, திருப்பித் தைத்தது. எங்கள் பகுதியில் யாருக்காவது ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத வேண்டுமானால் அவரிடம்தான் போவார்கள். அதில் அவருக்குப் பெருமை உண்டு. அன்று புரொக்டர் கதிரையைக் காட்டியும் அவர் இருக்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டே நின்றார்.

புரொக்டர் துரையின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். “‘மேக் ஃபாஸ்ட்’ எண்டால் கயித்தை இறுக்கிக் கட்டு எண்டுதானே அர்த்தம். நீர் அவங்களுக்கு என்ன சொன்னனீர்?”

“கெதியாச் செய்யச் சொன்னன் சேர்.”

“அப்ப நீர் பிழையாச் சொல்லிப்போட்டீர்.”

“சேர், நான் இருபது வருசமாக் கப்பல்ல நிக்கிறன். மேக் ஃபாஸ்ட் எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேக்கிற சொல்லு. அவர் மேக் எண்டு சொல்லல்ல.” தொப்பி சுற்றுவது நின்றது. “சொன்ன மாதிரி எனக்குக் கேக்கல்ல.”

‘சொல்லல்ல’ என்பதற்கும் ‘கேக்கல்ல’ என்பதற்கும் இடையில் அவர் ஒரு கணம் நின்றார். அவருடைய மனத்தில் சந்தேகம் புகுந்தது அந்தக் கணத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். எதிரே ஒரு தாள் இருந்தது, அதில் ஒரு வெள்ளைக்காரனின் கையெழுத்து இருந்தது. அதற்கு முன்னால் தன் காது எம்மாத்திரம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

புரொக்டர் அவருக்கு முன்னால் இருந்த இரண்டு வழிகளை விளக்கினார். பிழையாகச் சொன்னேன் என்று அவர் ஒப்புக்கொள்ளலாம். அப்படியானால் கால் போனவருக்கு நஷ்டஈடு கிடைக்கும். கிளாக்கருக்கு வேலை போகும். இல்லையென்றால், கட்டச் சொல்லித்தான் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்று சொல்லலாம். அப்படியானால் கிளாக்கரின் வேலை நிலைக்கும். கட்டளையை மீறியவர் என்று கால் போனவருக்கு ஒன்றும் கிடைக்காது. நஷ்டஈட்டு விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. “யோசிச்சு வாரும்” என்றார் புரொக்டர். அவர் குரலில் கடுமை இருக்கவில்லை. தேநீர்கூட வரவழைத்துக் கொடுத்தார். கிளாக்கர் அதைத் தொடவில்லை. தவக்காலம், ஒருநேரச் சாப்பாடுதான் என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனி அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஏதாவது ஒரு சாட்டு வைத்துக்கொண்டு எங்கள் கந்தோர்ப் படியேறி வருவார். புரொக்டர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார். வந்து என் மேசைக்கு எதிரே நின்றபடி பேசுவார். பங்குச் சுவாமியாரின் அறையில் பெரிய அகராதி ஒன்று இருந்ததாம். அதை எடுத்து அந்த ஒரு சொல்லையே பக்கம் பக்கமாக வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

“மிஸ், நிறம் போகாத சீத்தைத் துணியும் ஃபாஸ்ட். அடிச்சுப் போட்ட மாதிரி நித்திரை கொள்ளுறதும் ஃபாஸ்ட். நான் இப்ப சாப்பிடாம இருக்கிறதும் ஃபாஸ்ட். அசையாம நிக்கிறதும் ஃபாஸ்ட், ஓடுறதும் ஃபாஸ்ட். இந்த வெள்ளைக்காரனுக்குச் சொல்லுப் பஞ்சமா?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று விளக்கினார். ஆதியில் அந்தச் சொல்லுக்கு உறுதி, அசையாமை என்ற பொருள் மட்டுமே இருந்ததாம். விரதத்தை உறுதியாகப் பிடிப்பது நோன்பு ஆயிற்று. ஒருவனை விடாமல் நெருக்கிப் பிடித்தபடி பின்னால் ஓடுவது, நாளாக ஆக, வெறும் ஓட்டமாகி, விரைவு என்று நின்றுவிட்டது. நம்முடைய மொழியிலும் இப்படி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கடுமை என்றால் இறுக்கம், கடுகி வந்தான் என்றால் விரைந்து வந்தான். அதைச் சொன்னேன்.

“ஆனா மிஸ், தமிழ்ல அப்பிடி ஒரு சொல்லால ஒருத்தன்ர கால் போகல்லயே” என்றார்.

ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் அவர் மட்டக்குளிக்குப் போய்க் கால் போனவரைப் பார்த்துவிட்டு வருவார் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அந்த மனிதர் ஒன்றும் குறை சொல்லவில்லையாம். “நீங்க வெரசாச் செய்யச் சொன்னீங்க, நாங்க செஞ்சோம். ஒங்க மேல தப்பு இல்லீங்க” என்றாராம். அவருடைய மனைவிதான் ஒரு வார்த்தையும் பேசாமல், கிளாக்கர் இருந்த நேரம் முழுவதும் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தாளாம்.

விசாரணைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அவர் மறுபடி வந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. சவரம் செய்யவில்லை. “மிஸ், ஒரு உதவி செய்யுங்க. நான் அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கிறன். நீங்க மெல்லமா அந்தச் சொல்லைச் சொல்லுங்க. சில தரம் மேக் போட்டு, சில தரம் போடாம. எனக்குக் காது கேக்குதா எண்டு பாக்கணும்.”

கந்தோரில் பியோனைத் தவிர வேறு யாரும் இல்லை. எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. அவர் முதுகைக் காட்டி நின்றார். கோட்டின் பின்தையலில் வியர்வை ஊறியிருந்தது. நான் “மேக் ஃபாஸ்ட்” என்றேன். சரியாகச் சொன்னார். “ஃபாஸ்ட்” என்றேன். அதையும் சரியாகச் சொன்னார். குரலைக் குறைத்துக்கொண்டே போனேன். ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. கடைசியில் எனக்கே அலுத்து, வேகமாக, “ஃபாஸ்ட், ஃபாஸ்ட்” என்று இரண்டு தடவை சேர்த்துச் சொன்னேன்.

சொன்ன வாய் சொன்னபடியே நின்றது. அந்த ஓசை எனக்குப் பழக்கமாக இருந்தது. துரையின் குரலில் அதைக் கேட்டிருந்தேன். என் கை அந்த வளைவையும் கண்ணியையும் இரண்டு தரம் போட்டது எனக்கு நினைவு வந்தது.

“காது சரிதான் போல” என்று அவர் திரும்பினார். “ஆனா இங்க காத்தும் இல்ல, அலையும் இல்ல. அதுதான் மிஸ். அங்க என்ன கேட்டன் எண்டு இனி ஆர் சொல்ல?”

அவர் போனதும் அலமாரியைத் திறந்து என் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் உடனே கிடைத்தது. ‘ஃபாஸ்ட், ஃபாஸ்ட் என்று சொன்னேன். அலைதடுப்புக்கு மேலால் மழை வந்துகொண்டிருந்தது.’ அவ்வளவுதான். ‘மேக்’ என்ற சொல்லுக்கான குறி அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. கயிறு கட்டச் சொல்பவன் ‘ஃபாஸ்ட், ஃபாஸ்ட்’ என்று இரட்டித்துக் கத்தமாட்டான். கிளாக்கர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் கூலியாளும் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். இருவர்மீதும் பிழை இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே தாள் என் கையில் இருந்தது.

புரொக்டர் வந்ததும் காட்டினேன். அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. நான் வாசித்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

“பிள்ளை, துரை கையெழுத்து வைச்சிட்டார். கப்பலும் போயிட்டுது. அவர் என்ன நினைச்சுச் சொன்னார் எண்டு உமக்குத் தெரியுமே? எனக்குத் தெரியுமே?”

“ஆனா சேர், மேக் எண்டு அவர் சொல்லேல்லை.”

“கம்பெனி எங்களை நம்பித் தந்த வேலை இது. உம்மட நோட்டுப் புத்தகமும் கந்தோரின்ர சொத்துத்தான். வைச்ச இடத்திலை வையும்.” பிறகு, போகத் திரும்பிய என்னை நிறுத்தி, “அப்பான்ர கண் இப்ப எப்பிடி இருக்கு?” என்று கேட்டார். அவர் அதை மிரட்டலாகக் கேட்டாரா, உண்மையான அக்கறையோடு கேட்டாரா என்று எத்தனையோ வருடம் யோசித்திருக்கிறேன். இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

புத்தகத்தை வைத்த இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. கிளாக்கர் இரண்டு தடவை வந்தார். மாடிப்படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டதுமே உள்ளறைக்குப் போய்விட்டு, வேலையாக இருக்கிறேன் என்று பியோனைச் சொல்லவைத்தேன். ஞாயிறு பூசையில் அவர் நிற்கும் தூணின் பக்கம் பார்க்காமல் இருந்தேன். வீட்டில் சோற்றுக்கு முன்னால் இருந்தால் பிசைந்துகொண்டே இருப்பேன். “என்ன பிள்ளை, நீயும் நோன்பா?” என்று அம்மா கேட்டாள். தெருவில் யாராவது ‘கெதியா’ என்றால்கூடத் திடுக்கிட்டேன். நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அடுத்த நாள் காலையில் அப்பா தடவித் தடவிக் கோப்பையைத் தேடுவதைப் பார்த்ததும் அந்த நினைப்பு எங்கோ போய்விடும்.

விசாரணைக்குக் குறிப்பெடுக்கப் புரொக்டர் என்னையும் அழைத்துப் போனார். புறப்படும்போது, ஏன் என்று எனக்கே தெளிவில்லாமல், பழைய குறிப்புப் புத்தகத்தையும் புதியதோடு சேர்த்துப் பையில் வைத்தேன். விசாரணை அறை சிறியது. மேலே மின்விசிறி சுழன்றது. விசாரித்த கமிஷனர் ஒரு வயதான வெள்ளைக்காரர், மெதுவாகப் பேசுவார். கால் போனவர் ஊன்றுகோல்களைச் சுவரில் சாத்திவிட்டு மர வாங்கில் இருந்தார். வெட்டிய காலில் சுற்றியிருந்த துணி மிகச் சுத்தமாகத் தோய்த்து வெளுத்திருந்தது. அவருடைய மனைவி கிளாக்கர் சொன்னதுபோலவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளாக்கர் சவரம் செய்து, கோட்டுக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தார். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஆங்கிலத்தில் பேசினார். பிழை தன்னுடையது என்றார். துரை கயிற்றைக் கட்டச் சொல்லியிருக்க, தான் அதை விரைவாகச் செய் என்று மாற்றிச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். இந்த மனிதர் எந்தக் கட்டளையையும் மீறவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தார் என்றார். “அதிகாரி ‘மேக் ஃபாஸ்ட்’ என்று சொன்னது உமக்குக் கேட்டதா?” என்று கமிஷனர் கேட்டார். கிளாக்கர் அதற்கு மட்டும் தயங்கினார்.

“எனக்கு ஃபாஸ்ட் என்றுதான் கேட்டது. அவர் மேக் என்று சொன்னதாகக் கையெழுத்து வைத்திருக்கிறார். அப்படியானால் என் காதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.”

நான் அதையும் எழுதினேன். வளைவையும் கண்ணியையும் போட்டேன். அதற்குமேல் பென்சில் ஓடவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். எழ வேண்டும் என்று தீர்மானித்ததாக நினைவில்லை. அந்த அறையில் ஒரு பெண் எழுந்து பேசுவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கமிஷனரே கொஞ்சம் பயந்தவர்போல என்னைப் பார்த்தார்.

“அதிகாரியின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தது நான். அதில் ஒரு பிழை இருக்கிறது. பிழை என்னுடையது” என்றேன். புரொக்டர் திருத்தச் சொன்னார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பழைய புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்தேன். கமிஷனர் இன்னொரு கந்தோரிலிருந்து ஒரு சுருக்கெழுத்துக்காரரை அழைத்துவரச் செய்தார். அவர் அதை வாங்கிப் பார்த்து, ‘மேக்’ இல்லை, ‘ஃபாஸ்ட்’ இரண்டு தடவை இருக்கிறது என்று உறுதி சொன்னார். புரொக்டர் தன் மேசையில் இருந்த தாள்களின் ஓரங்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார்.

கால் போனவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. அதை வைத்து மட்டக்குளியில் ஒரு சிறு கடை போட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கிளாக்கரைக் கம்பெனி திரும்ப வேலைக்கு எடுத்தது. எனக்குத்தான் வேலை போயிற்று. புரொக்டர் சத்தம் போடவில்லை. மாத முடிவோடு நின்றுகொள்ளும் என்றார். வேறு இடத்தில் காட்ட ஒரு நற்சாட்சிக் கடிதம் தருவதாகச் சொல்லி, அதை எனக்கே சொல்லி எழுதவைத்தார். நான் மிகுந்த துல்லியமான சுருக்கெழுத்துக்காரி என்று அதில் ஒரு வரி இருந்தது. அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்தேன். அவரும் வைத்தார்.

ஆனால் விசாரணை முடிந்து வெளியே வந்ததும் நடந்ததுதான் என்னை இன்றுவரை விடவில்லை. கிளாக்கர் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதை எதிர்பார்த்துத்தான் நடந்து போனேன்.

“மிஸ், என்ர காது சரி.”

“ஓம்” என்றேன்.

“உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். இன்று காலைதான் பார்த்தேன் என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். “நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி நிண்டீங்களே, அண்டையில இருந்து” என்றேன்.

அவர் கணக்குப் பார்ப்பதுபோல மேலே பார்த்தார். “பதினொரு நாள்” என்றார். “பதினொரு நாள் மிஸ். நான் பைத்தியக்காரன் மாதிரித் திரிஞ்சன். எனக்குக் காது செவிடாப் போச்சு எண்டு வீட்டில பொண்சாதிக்குச் சொன்னன். ரெண்டு தரம் உங்களைத் தேடி வந்தன். நீங்க உள்ள இருந்தீங்க, எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை. எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே. நான் விசாரணையில சொல்லியிருக்க மாட்டன். எனக்குத் தெரிஞ்சாப் போதும் எண்டுதானே இருந்தன்.”

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் நடந்தார். நடை மெதுவாக இருந்தது. மூன்று கிழமையில் அவர் மெதுவாக நடந்து அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு கோயிலில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொடுவார். பேசமாட்டார்.

சில மாதங்களில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்தது. பிறகு கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் என் பழைய புரொக்டரைச் சில மாலைகளில் கடற்கரைப் பக்கம் போகக் காண்பேன். ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். அவரோடு பேச எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. கிளாக்கரின் நினைவு வந்தால்தான் எங்கே இருந்தாலும் எழுந்து நடக்க வேண்டும்போல இருக்கும். துணிந்து எழுந்து நின்று பேசிய பெண் என்று என் கணவர் அந்தக் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது சாட்டுச் சொல்லி அடுப்படிக்குப் போய்விடுவேன். அவருக்குப் பதினொரு நாள் என்ற கணக்கை நான் சொன்னதே இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். கிளாக்கர் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே அழைத்தேன். கதிரையில் இருந்தார், அவர் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தேநீர் கொடுத்தேன், குடித்தார். மூத்த மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்றார். மாப்பிள்ளையும் துறைமுகத்திலேதான் வேலை பார்க்கிறாராம். நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன். “மிஸ்டர், அந்தப் பதினொரு நாள்...”

“அதைக் கதைக்க வேணாம் மிஸ்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்முன் வைத்தார். கல்யாண அழைப்பிதழ், ஆங்கிலத்தில். இன்னும் அச்சாகவில்லை, அச்சகத்துக்காரர் பிழை பார்க்கக் கொடுத்த ஒற்றைத் தாள்.

“எனக்குக் கண் முந்தி மாதிரி இல்ல. அச்சில ஒரு சொல்லும் கூடக் கூடாது, குறையக் கூடாது. நீங்க ஒருக்காப் பாத்துத் தாங்க” என்றார்.

தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். பெயர்கள், தேதி, கோயில், நேரம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வரிகூட இருக்காது. நான்கு தடவை வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் என்னைப் பார்த்தபடி இருந்தார். நான் முதல் வரியில் விரலை வைத்து, ஐந்தாவது தடவையும் வாசித்தேன்.